பதினைந்து வயதில் விழுந்த பால்பல்

தையல் மெஷினின் மிதிகட்டைக்கு அவள் கால் எட்டவில்லை. ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்து, ஒரு காலை நீட்டி, பெருவிரலால் மிதிகட்டையைத் துழாவிக்கொண்டிருந்தாள். கால் கீழே போகப் போகத் தலையும் கூடவே இறங்கி, கடைசியில் மெஷினுக்கு மேலே இரண்டு கண்களும் ஒரு சிவப்பு ரிப்பனும்தான் தெரிந்தன. அந்தக் கண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

நான் டீச்சராயிற்றே, சும்மா இருப்பேனா? தச்சரைக் கூப்பிட்டு ஸ்டூலின் கால்களில் நான்கு விரற்கடை அறுக்கச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவள் பாதம் ஜம்மென்று மிதிகட்டையில் உட்கார்ந்தது. ஆனால் இப்போது கை துணிக்கு எட்டவில்லை.

பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஏன் கால் எட்டவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் ஒரு நல்ல ஸ்டூலாவது பிழைத்திருக்கும். நான் யோசிக்கவில்லை. அவளுடைய அகதி அட்டையில் பதினைந்து என்று எழுதியிருந்தது. எழுதியிருப்பதை நம்புவதுதான் என் தொழில்.

ஏரிக்கரை வீடுகள்

அறுபதுகளின் நடுப்பகுதி. பர்மாவில் கடைகளையும் மில்களையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டதால், அங்கே காலங்காலமாகப் பிழைத்துவந்த நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக மெட்ராசில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருபது இருபத்தைந்து குடும்பங்கள் எப்படியோ எங்கள் இரும்புலியூர் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்து ஓலைவீடு போட்டுக்கொண்டன.

எங்கள் சபையின் மாதர் சங்கம் உடனே களத்தில் இறங்கியது. சங்கத்துக்குத் தலைவி ஐயரம்மா. எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் சொல்வோம். நல்ல உயரம், கஞ்சி போட்ட கதர்ப்புடவை, மழை வெயில் இரண்டும் இல்லாத நாளிலும் கையில் ஒரு குடை. அவர் "செய்துடலாமே" என்று சொல்லிவிட்டால் அது நடந்து முடிந்த மாதிரிதான்.

செயலாளர் நான். வயது இருபத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர், கையெழுத்து அழகு. செயலாளருக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

சனிக்கிழமை தோறும் சபை ஹாலில் பெண்களுக்குத் தையல் வகுப்பு, தமிழ் வகுப்பு. குழந்தைகளுக்குப் பால் பவுடர். மாதம் ஒரு தடவை டாக்டரம்மா வருவார். திட்டமெல்லாம் பிரமாதம். ஒன்றை மட்டும் நாங்கள் செய்யவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மஞ்சள் களிம்பு

முதல் நாள் வீடு வீடாகப் போனபோதே எங்கள் அசட்டுத்தனம் ஆரம்பித்துவிட்டது. பெண்கள், குழந்தைகள் எல்லோர் கன்னத்திலும் வட்டம் வட்டமாக வெளிர் மஞ்சளாக ஏதோ காய்ந்து போயிருந்தது. ஐயரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"ரூபி, படை. வீட்டுக்கு வீடு பரவியிருக்கு."

அடுத்த வாரமே இரண்டு டஜன் டப்பா கந்தகக் களிம்பு வந்து இறங்கியது. பெண்களை வரிசையாக நிற்கவைத்துக் கொடுத்தோம். ஒருத்தியும் மறுக்கவில்லை. ஒருத்தி மட்டும் எங்கள் திருப்திக்காக அங்கேயே டப்பாவைத் திறந்து இரண்டு கன்னத்திலும் பூசியே காட்டினாள். அவள்தான் மா டின்.

மற்றவர்களெல்லாம் பர்மாவில் வாழ்ந்த தமிழர்கள். ஏரிக்கரையில் இவள் ஒருத்திதான் அசல் பர்மாக்காரி. கணவர் அருணாசலம் ராமநாதபுரத்துப் பக்கம். அங்கே அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். அவர் கப்பலேறியபோது பெற்றோர், பாஷை, ஊர் அத்தனையையும் விட்டுவிட்டு அவர் பின்னால் கிளம்பி வந்தவள் இவள். அவருக்கு இப்போது பல்லாவரத்தில் தோல் ஷெட்டில் வேலை. விடிந்ததும் ரயிலேறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். பகலெல்லாம் வீட்டில் மா டின்னும் அவள் மகள் சன் சன்னும்தான்.

மா டின்னுக்குத் தெரிந்த தமிழ் இரண்டு சொல். ஒன்று "சரி", இன்னொன்று "நல்லது".

களிம்பு எரிந்திருக்க வேண்டும். கண்ணில் நீர் முட்ட, "நல்லது, சயாமா, நல்லது" என்றாள். சயாமா என்றால் அவர்கள் பாஷையில் டீச்சர்.

கன்னத்தில் இருந்தது படையே இல்லை என்பது ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. தனக்கா என்று ஒரு மரம். அதன் கட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, சந்தனம் போலப் பூசிக்கொள்வார்களாம். வெயிலுக்குக் குளுமை, முகத்துக்கு அழகு. இதைக் கேட்ட அன்று ஐயரம்மா ஹாலுக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று நடந்தார்.

அதற்குப் பிறகாவது திருந்தினோமா? இல்லை. சங்கத்து அம்மாமார் நாலு பேர் நாலு நாளில் போய் மா டின்னுக்கு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நாலும் நாலு விதம். ஒவ்வொருவரிடமும் "நல்லது" என்றாள். அவரவரும் தன் ரசம்தான் பர்மா வரைக்கும் எடுபட்டது என்று பூரித்துப்போய் வந்தார்கள். என் அம்மாவும் அந்த நாலு பேரில் ஒருவர்.

சன் சன்னைப் பெரிய பெண்களின் தையல் வகுப்பில் சேர்த்ததும் இப்படித்தான். "பதினைஞ்சு வயசுன்னு போட்டிருக்கே, பார்த்தா சின்னவளா இருக்காளே?" என்று ஐயரம்மா கேட்டார். "சரி" என்றாள் மா டின். "பர்மாக்காரங்க கொஞ்சம் குள்ளம்தானே ரூபி" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஜீப்

அந்தக் கோடை முடியும் நேரத்தில் ஐயரம்மா ஒரு பெரிய காரியம் சாதித்தார். வடாற்காட்டுப் பக்கம் பெண்களுக்கான தையல் பயிற்சி இல்லம் ஒன்று. பதினைந்து வயது முடிந்தவர்கள் அங்கேயே தங்கி மூன்று வருஷம் படிக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே ஓர் இடம் பிடிப்பது குதிரைக்கொம்பு. அதை ஐயரம்மா சன் சன்னுக்காகப் பிடித்துவிட்டார். வியாழக்கிழமை ஜீப் வரும் என்று தகவல்.

விஷயத்தைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் ஏரிக்கரைக்குப் போனேன். அன்று அருணாசலமும் வீட்டில் இருந்தார். மா டின் என்னைப் பாயில் உட்காரவைத்து, நீளநீளமான கோதுமைச் சேவையில் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தாள். அந்த ருசிக்கு நாலு ரசத்தையும் கொட்டிவிடலாம்.

"வியாழக்கிழமை ஜீப் வருது. ரெண்டு செட் துணி போதும். மத்ததெல்லாம் அவங்களே குடுத்துடுவாங்க" என்றேன். அருணாசலம் பர்மிய பாஷையில் சொன்னார்.

"சரி. நல்லது" என்றாள் மா டின். மூலையில் ஒரு தகரப்பெட்டியைக் காட்டினாள். அடுக்கித் தயாராக வைத்திருந்தாள். ஐயரம்மா முன்னமே சாடையாகச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. எவ்வளவு ஒத்துழைப்பான பெண் என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான், வாசலில் உட்கார்ந்து வறுத்த பட்டாணியைக் கடித்துக்கொண்டிருந்த சன் சன் "ஆ!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். ஏரிக்கரைப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி அவளுக்கு எங்கள் ஊர்த் தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

"டீச்சர், டீச்சர், பல்லு வுழுந்துட்ச்சு!"

கையை விரித்தாள். ஒரு பட்டாணி. அதன் பக்கத்தில், பட்டாணியை விடச் சின்னதாக, ஒரு பால்பல்.

நாலாம் வகுப்பு டீச்சருக்குப் பால்பல்லைத் தெரியாதா? வருஷத்துக்கு இருபது பல்லைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு அனுப்புகிறவள் நான். எந்த ஊரிலும் பதினைந்து வயதுக்காரிக்குப் பால்பல் விழுவதில்லை.

"உனக்கு என்னடி வயசு?" என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அருணாசலம் எழுந்து நின்றுவிட்டார்.

ஒரு கல்லுக்காக

"மன்னிச்சிருங்க டீச்சர். கப்பலேறுறப்ப, பெரிய ஆளா இருந்தா ஆளுக்கு ஒரு மூட்டை சேத்து எடுத்துக்கிறலாம்னு ஒருத்தர் சொன்னாரு. நெசமோ பொய்யோ தெரியாது. பயத்துல புள்ளைக்கு வயசைக் கூட்டிச் சொல்லிட்டேன். அப்படியே அட்டையில ஏறிருச்சு."

"மூட்டையில அப்படி என்ன இருந்தது?"

அவர் சங்கடத்துடன் அடுப்பங்கரைப் பக்கம் கையைக் காட்டினார். வட்டமான, கனத்த ஒரு கல். தனக்கா உரைக்கிற கல். "இவ அம்மா குடுத்தது. இது இல்லாம கப்பலேற மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கல்லை ஏற்றுவதற்காக ஒரு குழந்தைக்கு ஐந்தாறு வயது கூடியிருக்கிறது! ஆனால் மா டின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மகளின் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"இப்ப மாத்திச் சொன்னா, பொய் சொன்ன குத்தத்துக்குத் திருப்பி அனுப்பிருவாகளோன்னு பயம் டீச்சர்" என்றார் அருணாசலம்.

"அதுக்காகப் பிள்ளையை மூணு வருஷம் அனுப்பறதுக்கா சரின்னு சொன்னீங்க?" நான் மா டின்னைப் பார்த்துக் கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள்.

"எல்லாரும் இம்புட்டு நல்லவகளா இருக்காக, வேணாம்னு எப்படிச் சொல்றதுன்னு கேக்குறா. அவுக பாஷையில இதை 'ஆநாடே'ன்னு சொல்லுவாக. எதிராளி மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிறது. அவ சொல்றா, இந்த ஊர்ல பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயி வளக்கிறதுதான் வழக்கம் போலருக்கு, நம்மதான் பழகிக்கணும்னு."

களிம்பு, ரசம், ஸ்டூல் எல்லாம் என் கண்முன் வந்து போயின. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள், என் மேல்தான்.

"பள்ளிக்கூடத்துல சேர்த்துடலாம். என் வகுப்புலேயே. அவ எங்கேயும் போக வேண்டாம்" என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் எங்கள் தலைமையாசிரியை ஞாபகத்துக்கு வந்தார்.

ஜூன் மாதத்துப் பிள்ளைகள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்தக் காலத்தில் தாம்பரம் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஜூன் மாதத்தில்தான் பிறந்தநாள். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று கணக்கு. பள்ளிக்கூடம் திறக்கிற தேதியை ஒட்டி வாத்தியாரே ஒரு பிறந்தநாளைப் போட்டுவிடுவார். என் அண்ணன் இன்று வரைக்கும் மழைக்காலத்தில் பிறந்துவிட்டு வெயில்காலத்தில் கேக் வெட்டுகிறார்.

எங்கள் பள்ளியில் இந்தத் தர்மத்துக்கு அப்போதுதான் முற்றுப்புள்ளி வைத்திருந்தார்கள். ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "ஒரே வகுப்பில் பதினேழு பேர் ஒரே நாளில் பிறந்திருக்கிறார்களே, ஊரில் அன்றைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து தலைமையாசிரியை தேதி விஷயத்தில் நெருப்பாகிவிட்டார்.

திங்கட்கிழமை நான் போய் நின்றபோது அவர் நிமிரவே இல்லை. "அட்டையில பதினைஞ்சு. நீ ஒன்பதுங்கறே. எனக்கு உத்தேசம் வேண்டாம், ரூபி. நிஜமான தேதி வேணும். பொறுப்பான ஒருத்தர் அதுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடணும். புதன்கிழமையோட அட்மிஷன் முடியுது."

தேதிக்கு எங்கே போவது? அருணாசலத்திடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். "நான் அப்ப வேற ஊரு மில்லுல இருந்தேன். ஒம்பதோ பத்தோ இருக்கும்" என்று தலையைச் சொறிந்தார். தகப்பன்மார் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் சன் சன்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டதும் மா டின் தயங்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை என்றாள். பர்மாவில் பிறந்த கிழமையை மறந்தவர்களே கிடையாதாம். கிழமையைப் பார்த்துத்தான் பெயர் வைப்பார்கள், கும்பிடுவதற்குக் கூட அவரவர் கிழமைக்கு ஒரு மூலை உண்டு. இன்னொன்றும் சொன்னாள். மழைக்காலம் முடிந்து ஊரெல்லாம் விளக்கேற்றுகிற பௌர்ணமியன்று, வாசலில் விளக்குகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது வலி எடுத்ததாம். நம் கணக்கில் புரட்டாசிக் கடைசி, அல்லது ஐப்பசி. வருஷம் மட்டும்தான் குழப்பம்.

ஐயரம்மாவும் பஞ்சாங்கமும்

அன்று மாலை ஐயரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த இடத்துக்காக ஆறு கடிதாசி எழுதினேன் ரூபி."

"தெரியும்மா."

"அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." பிறகு அவரே, "நாம ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

சாட்சிக் கையெழுத்து என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரியாத தேதிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். ஏற்கெனவே ஒரு பொய்யால வந்த வினை இது."

"தேதியைக் கண்டுபிடிச்சுடலாம்மா. பௌர்ணமியும் செவ்வாயும் சேர்ந்து வர்ற வருஷத்தைப் பார்த்தா போதும்."

"அதை எங்கே பார்க்கிறது?"

நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். அவருக்கும் புரிந்துவிட்டது. பாதிரியார் வீட்டு அம்மாள் பஞ்சாங்கம் பார்ப்பதாவது! சுவரில் இருந்த வேத வசன காலண்டரை ஒரு தடவை பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு குடையைக் கையில் எடுத்தார்.

"நிலாவைப் படைச்சது யாரு? கர்த்தர்தானே? வா, போகலாம்."

இரும்புலியூரின் பழைய நிலக்காரக் குடும்பம் ஒன்றில் கோவிந்தம்மாள் என்று ஓர் அம்மாள். அவர் வீட்டுக்காரர் எதையும் தூக்கிப்போடாதவர் என்று ஊருக்கே தெரியும். எங்களைப் பார்த்ததும் கோவிந்தம்மாள் மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா டீச்சரம்மா, வேதக்காரங்க வந்து பஞ்சாங்கம் கேக்குறீங்க? உங்களுக்கு நல்ல நாள் பாக்க வந்தீங்களா?" என்று என் கல்யாணத்தை இழுத்தார். ஐயரம்மா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. "அடப்பாவமே! பல்லு வுழுற கொயந்தையவா இஸ்துகினு போவப் பாத்தீங்கோ? இரு, எட்த்தாறேன்."

பரணிலிருந்து சணலில் கட்டிய பஞ்சாங்கக் கட்டு ஒன்று தூசியோடு இறங்கியது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். ஐந்து வருஷத்துப் பஞ்சாங்கங்களை வரிசையாகப் பரப்பிவைத்து, கோவிந்தம்மாள் பக்கம் எடுத்துக்கொடுக்க, நான் படித்தேன். ஒரு வருஷத்தில் பௌர்ணமி வெள்ளிக்கிழமை. இன்னொன்றில் திங்கள். வேறொன்றில் சனி. ஐயரம்மாதான் முதலில் பார்த்தார்.

"செவ்வாய்! ரூபி, செவ்வாய்! புரட்டாசி, பௌர்ணமி, செவ்வாய்!" என்று குடையால் தரையைத் தட்டினார். அந்த வருஷம் தவிர வேறெதிலும் செவ்வாய் இல்லை. நம்பிக்கை இல்லாமல் எல்லாவற்றையும் இரண்டாம் தடவையும் படிக்கவைத்தார்.

அந்தத் தேதியை இங்கே எழுதப்போவதில்லை. சன் சன் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள், வயதைச் சொன்னால் சண்டைக்கு வருவாள். அன்றைக்கு அவளுக்கு ஒன்பது வயது முடிந்து சில மாதங்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

புதன்கிழமை தலைமையாசிரியை கேட்டார், "இந்தத் தேதிக்கு என்ன ஆதாரம்?"

"பஞ்சாங்கம்" என்றார் ஐயரம்மா, தலையை நிமிர்த்திக்கொண்டு.

தலைமையாசிரியை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மையில் தோய்த்துப் பதிவேட்டில் எழுதினார். ஐயரம்மா அதன் கீழே கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வந்த ஜீப் காலியாகப் போகவில்லை. அதே ஏரிக்கரையில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, அந்த இல்லத்துக்குப் போக வேண்டும் என்று இரண்டு மாதமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாளாம். அவளையும் நாங்கள் கேட்டிருக்கவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ராணி மாதிரிக் கையசைத்துவிட்டுப் போனாள்.

வேப்பமரத்தடி

பள்ளிக்கூடம் திறந்த அன்று சன் சன் என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் கால் ஒழுங்காகத் தரையைத் தொட்டது.

பத்து மணி இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மா டின் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்தேன். மத்தியான மணி அடித்தபோதும் அங்கேயே இருந்தாள். நான் வெளியே போனேன்.

என்னைக் கண்டதும் எழுந்தாள். பள்ளிக்கூடத்தைக் காட்டினாள், ஏரிக்கரைப் பக்கம் கையை நீட்டினாள். தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி ஒரு கேள்வி கேட்டாள்.

"சயாமா... சாயங்காலம்... சன் சன்... வீடு?"

"சாயங்காலம் வீடு" என்றேன். "நாளைக்கும் வீடு. தினமும் வீடு."

"சரி, நல்லது" என்றாள். ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நாலு மணிக்கு மணி அடித்து, சன் சன் பையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்த பிறகுதான், அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அந்த வாரம் முழுக்க ஒரு தூக்குச்சட்டியோடு மரத்தடியிலேயே இருந்தாள். போகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாட்ச்மேன் அவளுக்கு ஒரு பழைய முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினேன். மரத்தடியில் முக்காலி மட்டும் கிடந்தது. மா டின்னைக் காணோம். கேட் வரைக்கும் போய்ச் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தேன். அவள் வரவில்லை. 'தினமும் வீடு' என்று நான் சொன்னதை நம்பி, மகளை என்னிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அன்றைக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாமல் நின்ற எட்டுப் பேரையும் உட்காரச் சொல்லிவிட்டேன். ஒரு குட்டு கூட வைக்கவில்லை. டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று வகுப்பே என்னைப் பார்த்து முழித்தது.